ஆளுக்கு மூன்று நிமிடம்

1969 ஜூன் 19, வியாழன்

சந்தை நாள். நானும் அம்மாவும் ஒட்டிய காகிதக் கவர் எல்லாம் விற்றுவிட்டது. அரைக்கிலோ கவர் போதவில்லை. மிளகாய்க்காரர்கள் திட்டிக்கொண்டே போனார்களாம்.

பள்ளி விட்டதும் அப்துல் ஷுக்கூர் பாய் கடைக்குப் போனேன். கவர் ஒட்டப் பழைய பேப்பர் தருகிறவர் அவர்தான். அவர் மகள் வஹிதா என் வகுப்பு. சேலத்திலிருந்து புதுப் பேல், பழைய பேப்பர்க் கட்டு, வந்திருந்தது. இந்தத் தடவை முழுக்க அமெரிக்கா பேப்பர். "காயிதம் கெட்டியா இருக்குது, மடிச்சா ஓரம் வெடிக்காது" என்று அம்மாவுக்குச் சந்தோஷம். எனக்கு வேறு சந்தோஷம். அவ்வளவும் இங்கிலீஷ்!

மாமாவுக்குத் தெரியக் கூடாது. "கவர் ஒட்டச் சொன்னா கலெக்டருக்குப் படிக்கிறா" என்று போன மாதம் மண்டையில் குட்டினார். அப்பா இறந்ததிலிருந்து அம்மாவின் அண்ணன் வீடான இங்கேதான் இருக்கிறோம். மாமா சோறும் போடுகிறார், குட்டவும் செய்கிறார். அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே பேப்பரை மடித்து வைத்துவிடுவேன். எனக்கு எதற்குத்தான் பயமில்லை? நாய், இருட்டு, கணக்கு டீச்சர், மாமா. இதை எழுதவும் பயம்தான். ஆனாலும் எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து நாலு வரி எழுதினால் நெஞ்சுப் படபடப்பு கொஞ்சம் அடங்குகிறது.

ஜூன் 22, ஞாயிறு

மாதா கோயில் பூசை முடிந்து வந்து நாள் முழுக்க ஒட்டினோம். அம்மா பசை தடவுவாள், நான் மடிப்பேன். அம்மாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மனித முகம் இருக்கிற படத்தின் மேல் பசை தடவ மாட்டாள். "யாரு பெத்த புள்ளையோ, மூஞ்சில பசையப் பூசறதா?" அதனால் முகம் உள்ள தாள்களை எல்லாம் என் பக்கம் தள்ளிவிடுவாள். முகம் மேலே தெரிகிற மாதிரி நான் பார்த்து மடிக்க வேண்டும். பார்க்கிற சாக்கில் படித்துவிடுவேன்.

இன்று ஒரு தாளில் ஒரு தெரு வந்தது. ஓஹியோ என்ற மாநிலத்தில் ஏதோ ஒரு நகரம். நகரத்தின் பெயர் இருந்த மூலை கிழிந்திருக்கிறது. தெருவுக்கு பார்லோ தெரு என்று பெயர். ஒரு சலவைக் கடை, ஒரு ரொட்டிக் கடை, செருப்புத் தைக்கிறவர், மாடியில் எல்லாம் வீடுகள். தெரு பழையது, அழுக்கானது என்று நகரசபை குறித்துவிட்டது. இடித்துச் சுத்தம் செய்வதற்கு மத்திய சர்க்கார் பணம் தருகிறதாம். இடித்த இடத்தில் பெரிய சாலை வரும்.

அங்கேயும் இடிக்கிறார்களா? அமெரிக்கா என்றால் எல்லாம் கட்டி முடித்த ஊர் என்று நினைத்திருந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

பள்ளி நூலகத்து அகராதியில் பத்துச் சொல் பார்த்துக்கொண்டேன். வஹிதா வாசலில் நின்று டீச்சர் வருகிறாளா என்று பார்த்தாள். "பரிச்சைக்கு இல்லாததுக்கு எதுக்குடி இப்படிச் சாவற?" என்றாள்.

எப்படிச் சொல்வது அவளுக்கு? அந்த நகரத்தில் ஏழை வீட்டுக்குள்ளும் குழாயில் தண்ணீர் வருகிறது. விளக்குப் போட்ட நூலகம், யார் வேண்டுமானாலும் போகலாம், பெண்பிள்ளைகள்கூட. வேலை இல்லாத பையன்களுக்குத் தொழில் சொல்லிக் கொடுக்க நகரசபையே பள்ளி நடத்துகிறது. இன்னும் இருபது வருஷத்தில் ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று யோசிப்பதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். அதற்கு ஒரு படிப்பே இருக்கிறதாம். ஊரைப் பற்றிய படிப்பு!

எங்கள் ஊரை யார் யோசிக்கிறார்கள்?

ஜூலை 3, வியாழன்

மாமா யோசிக்கிறார்.

சாப்பிடும்போது சொன்னார். சந்தையை ஊருக்கு வெளியே, பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாற்றப் போகிறார்களாம். ஊர்ப் பெரியவர்கள் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், தருமபுரியிலிருந்து அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. இப்போதைய சந்தைத் திடலில் கடைகள் கட்டி வாடகைக்கு விடுவார்கள்.

"சிமெண்டு மேடை, டியூப் லைட்டு, லாரி நேரா உள்ள வந்து திரும்பலாம்" என்றார் மாமா. அவர் கண் மின்னியது. "ஊரு முன்னேறணும்னா பழச விட்டுத் தொலைக்கணும். அமெரிக்காக்காரன் அப்படித்தான் முன்னேறுனான். ஏம் புள்ள, நீதான் திருட்டுத்தனமா அந்தப் பேப்பரப் படிக்கிறியே, அப்படித்தான போட்டிருக்கான்?"

தெரிந்திருக்கிறது! "ஆமாங்க மாமா" என்றேன்.

பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாமா போன வருஷம் ஒரு பொட்டல் நிலம் வாங்கிப் போட்டார். அது ஊருக்கே தெரியும். அத்தை ரசம் ஊற்றினாள்.

பிறகு அம்மாவிடம் சொன்னார்: "அங்க எல்லாம் மூட்டை வியாபாரந்தான். கவரு போவாது. இவள இந்த வருசத்தோட நிறுத்திடலாம். பெங்களூர்ல ஒரு வூட்ல புள்ள பாத்துக்க ஆளு கேக்கறாங்க, நல்ல எடம்."

அம்மா "சரிங்கண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

சந்தை போனால் கவர் போகும். கவர் போனால் நான் பெங்களூர்.

ஜூலை 4

தூக்கம் இல்லை.

ஜூலை 10, வியாழன்

பார்லோ தெருவின் மீதி கிடைத்தது! போன வாரமே கவராகி விற்றுப் போயிருந்தது. சந்தையில் தீர்த்தம்மாள் கையில் பார்த்தேன். தீர்த்தம்மாள் மலையடிவாரத்திலிருந்து கூடை சுமந்து வந்து கொத்தமல்லியும் கத்தரிக்காயும் விற்கிறவள், வாய் பெரிசு. அவள் வாங்கிய வரமிளகாய்க் கவரில் சலவைக் கடைக்காரியின் படம்.

"அக்கா, அந்தக் கவரக் குடுங்க, வேற தர்றேன்."

"ஏன், இதுல உங்க மாமன் சொத்துப் பத்திரம் இருக்குதா?" என்று சிரித்தாள். மிளகாயை மடியில் கொட்டிக்கொண்டு கொடுத்தாள்.

சலவைக் கடைக்காரியின் பெயர் லாட்டி பர்க். கறுப்பினப் பெண். தொப்பி வைத்துக்கொண்டு, இடுப்பில் கை ஊன்றி, மைக் முன்னால் நிற்கிறாள். பின்னால் வரிசையாக அந்தத் தெருப் பெண்கள். ஒரு தெருவை இடிப்பதற்கு முன்னால் அங்கே நகரசபை ஒரு கூட்டம் போட்டே ஆக வேண்டுமாம். அந்தத் தெருவில் இருக்கிற யாரும் வந்து பேசலாம். ஆளுக்கு மூன்று நிமிடம். அதிகாரிகள் குறுக்கே பேசக் கூடாது; சொல்வதை எல்லாம் எழுதிக்கொள்ள வேண்டும். சட்டம் அப்படி.

அவள் சொன்னாளாம்: "உடைந்த ஜன்னல்களைக் கணக்கெடுத்தீர்கள். ஜன்னலுக்கு உள்ளே வேலை பார்க்கிறவர்களைக் கணக்கெடுத்தீர்களா? உங்கள் சாலையில் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும்?"

எப்படி வாய் வந்தது அவளுக்கு! படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த அதிகாரிகளையும் நினைத்துப் பார்க்கிறேன். பெரிய பெரிய பாலம் கட்டுகிறவர்கள். ஒரு சலவைக் கடைக்காரி பேசி முடிக்கிற வரை வாயை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். பாலத்தைவிட அதுதான் எனக்கு அதிசயமாக இருக்கிறது.

முடிவு என்ன ஆயிற்று என்பது அடுத்த தாளில். அது எந்த வீட்டில் எந்தப் பருப்போடு போயிற்றோ.

ஜூலை 13, ஞாயிறு

ஒட்டும்போது அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். மாமா பாலக்கோடு போயிருந்தார். அம்மா லாட்டி பர்க்கின் படத்தை வெகுநேரம் பார்த்தாள். "இவளுக்குப் புருசன் இருக்கானா?" என்று கேட்டாள். அதைப் பேப்பரில் போடவில்லை என்றேன்.

"ஆளுக்கு மூணு நிமிசமா?"

"ஆமாம்மா."

"எழுதிக்கணுமா?"

"ஆமாம்மா. சட்டம்."

அம்மா படத்தை மறுபடி கையில் எடுத்தாள். பசை காய்ந்து போகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அம்மா பசையைக் காயவிட்டு நான் பார்த்ததே இல்லை.

ஜூலை 17, வியாழன்

ஐயோ.

சந்தைக்குப் போனால் தீர்த்தம்மாள் என்னைக் கட்டிக்கொள்கிறாள். "உங்கம்மா சொல்லுச்சு, கண்ணு! சந்தைய மாத்தறதுக்கு முன்னால நம்ம எல்லாரையும் கேக்கணும்னு சட்டம் இருக்குதாமே! பேப்பர்லயே போட்டுட்டானாமே!" உப்புக்காரி, கயிறு விற்கிறவர், பொரிக்கடை அண்ணன், எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள். ஷுக்கூர் பாய்கூட "அப்படியாம்மா, நல்லதாப் போச்சு" என்றார்.

அது அமெரிக்காச் சட்டம்! அம்மா நம்ம சட்டம் என்று நினைத்துக்கொண்டாள். நம் வீட்டுத் தரையில் கிடக்கிற பேப்பரில் இருப்பது நமக்கு இல்லாமல் பின்னே யாருக்கு என்று நினைத்திருப்பாள். நான் ஓஹியோ என்று சொன்னேனே. ஓஹியோ சேலத்துப் பக்கம் என்று நினைத்தாளோ என்னவோ!

அங்கேயே சொல்லியிருக்கலாம். எல்லோரும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள்.

ஜூலை 21, திங்கள்

சந்திரனில் மனிதன் இறங்கிவிட்டான். ஷுக்கூர் பாய் கடை ரேடியோ முன்னால் தெருவே கூடி நின்றது. தலைமையாசிரியர் இனிப்புக் கொடுத்தார். எல்லோரும் அமெரிக்கா அமெரிக்கா என்கிறார்கள். நான் மட்டும் சலவைக் கடையை நினைத்துக்கொண்டு நின்றேன். இடித்திருப்பார்களா?

ஜூலை 27, ஞாயிறு

சொல்லிவிட்டேன். பூசையிலிருந்து திரும்பும் வழியில்.

"அம்மா, அது அமெரிக்காவுல இருக்கற சட்டம். இங்க அப்படி இருக்குதா இல்லியான்னே எனக்குத் தெரியாது."

அம்மா நடந்துகொண்டே இருந்தாள். அடி விழும் என்று காத்திருந்தேன். கொஞ்ச தூரம் போன பிறகு முக்காட்டைச் சரி செய்துகொண்டு கேட்டாள்: "வர்ற அதிகாரிக்கு அது தெரியுமா?"

"என்னதும்மா?"

"இங்க இல்லேன்னு."

"அவரு படிச்சவரும்மா. தெரியும்."

"தெரிஞ்சா சொல்லட்டும். நீ வாயத் தொறக்காத."

என் அம்மாவா இது? மாமா முன்னால் "சரிங்கண்ணா" தவிர ஒரு வார்த்தை வராதவள்.

ஆகஸ்டு 7, வியாழன்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

அதிகாரி இன்று வந்தார். சந்தை நாளாகப் பார்த்து வரச் சொன்னதே மாமாதான். நெரிசலையும் சாணியையும் கண்ணால் பார்க்கட்டும் என்று. திடலை ஒட்டிய சாவடியில் மேஜை போட்டு, மாலையும் கலர் சோடாவும் வாங்கி வைத்திருந்தார். அதிகாரி சின்ன வயசு. கூட ஒரு குமாஸ்தா.

அவர் உட்கார்ந்து கலரில் ஒரு வாய் குடிப்பதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். கூடையோடு வரிசை. முதல் ஆள் அம்மா. நான் பள்ளிக்குப் போகாமல் சாவடித் தூண் பின்னால் இருந்தேன்.

"என்னம்மா?" என்றார் அதிகாரி.

"ஆளுக்கு மூணு நிமிசங்க" என்றாள் அம்மா. "சட்டப்படி."

அதிகாரி குமாஸ்தாவைப் பார்த்தார். குமாஸ்தா கையில் இருந்த புத்தகத்தைப் புரட்டினார். நிஜமாகவே புரட்டினார்! "எந்தச் சட்டத்துலம்மா?"

"படிச்ச உங்களுக்குத் தெரியாதா? எங்க புள்ளைக்கே தெரியுது!" தீர்த்தம்மாள் தூண் பின்னாலிருந்து என் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினாள்.

அதிகாரி என்னைப் பார்த்து அமைதியாகத்தான் கேட்டார். "எங்கே படிச்சம்மா?"

அம்மா கண்ணால் வேண்டாம் என்றாள். மாமா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். எனக்குப் பொய் சொல்லவும் தைரியம் வரவில்லை.

"அமெரிக்கா பேப்பர்ல, சார். கவர் ஒட்ட வந்தது."

சாவடியே சிரித்தது. குமாஸ்தா புத்தகத்தை மூடிவிட்டுச் சிரித்தார். மாமாதான் ரொம்பச் சத்தமாகச் சிரித்தார். "கேட்டீங்களா சார்! எங்க தங்கச்சி அமெரிக்காவுல இருந்து சட்டம் வாங்கியாந்திருக்கா!" எனக்குத் தரை பிளந்தால் தேவலை போல இருந்தது. வரிசையில் பின்னால் நின்ற ஒன்றிரண்டு பேர் கூடையைத் தூக்கத் தொடங்கினார்கள்.

அம்மா நகரவில்லை. சிரிப்பு ஓயட்டும் என்று நின்றாள். பிறகு சொன்னாள்: "இங்க இல்லைன்னா சரிங்க. வந்தது வந்துட்டோம். உங்க டிரைவர் இப்பத்தான் டீக்கடைக்குப் போனாரு. அவரு வர்ற வரைக்கும் கேளுங்களேன்."

அதிகாரியும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். அப்படியே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். குமாஸ்தாவிடம் "எழுதுங்க" என்றார்.

அம்மா பேசினாள். ஒரு வார்த்தை விடாமல் எழுத ஆசை, நினைவிருக்கிற வரை எழுதுகிறேன். "சந்தைன்னா மேடையும் கூரையும்னு நெனைக்கிறீங்க. சந்தைன்னா நடந்து வர்ற தூரமுங்க. இந்தத் தீர்த்தம்மா மலையடிவாரத்துல கோழி கூவ கூடையத் தூக்குனா, வெயில் ஏற இங்க வந்து சேர்றா. பொழுது சாய வூடு திரும்பணும், புள்ளைக்குப் பால் குடுக்கணும். அதுக்கு மேல ரெண்டு மைல் நீங்க கூட்டுனா இவ அங்க வரமாட்டா. ரோட்டு மேலயே நின்னு லாரிக்காரன் கேட்ட வெலைக்குத் தள்ளிட்டுப் போயிடுவா. இவ வராட்டி உப்பு வாங்க ஆளில்ல, கயிறு வாங்க ஆளில்ல, என் கவரு வாங்க ஆளில்ல. புது எடத்துல லைட்டு எரியுங்க. யாரு மூஞ்சியப் பாக்கறதுக்கு?"

என் அம்மா! ஞானமேரி! பள்ளிப் பக்கமே போகாதவள்.

பிறகு ஒவ்வொருவராக. உப்புக்காரி புது இடத்தில் கிணறு இல்லை, நிழல் இல்லை என்றாள். ஷுக்கூர் பாய் பஸ் நிற்கிற இடத்தைப் பற்றிப் பேசினார். ஒரு கிழவர் மூன்று நிமிடமும் ரேஷன் சர்க்கரையைப் பற்றிப் புகார் சொல்லிவிட்டு நிம்மதியாகப் போனார். அதையும் குமாஸ்தா எழுதினார். மாட்டு வியாபாரி ஒருவர் மட்டும் "எங்களுக்குப் புது எடம் நல்லதுங்க, இங்க மாடு திரும்ப எடமில்ல" என்றார். யாரும் அவரை அதட்டவில்லை.

"நீ?" என்று அதிகாரி என்னைக் கேட்டார். தூண் பக்கம் நகர்ந்து நின்றேன். தீர்த்தம்மாள் பின்னாலிருந்து கத்தினாள்: "அது பயந்தாங்கொள்ளி சார், அது நிமிசத்தையும் எனக்கே குடுத்துடுங்க!"

டிரைவர் மூன்று டீ குடித்துவிட்டார் என்று பிறகு சொன்னார்கள்.

ஆகஸ்டு 8, வெள்ளி

மாமா அடிக்கவில்லை. கத்தவும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"இத்தன வருசம் சோறு போட்டேன். ஊருக்கு நடுவுல நிக்க வெச்சிட்டியே, ஞானம்."

"அண்ணா, நான் உங்களப் பத்தி ஒரு வார்த்த சொன்னனா?"

"சொல்லல. சொல்லாமயே எல்லாருக்கும் தெரியுதே."

அம்மா அழுதாள். மாமாவும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மாமா நிஜமாகவே ஊர் முன்னேற வேண்டும் என்றுதான் நினைக்கிறார். நிலமும் விலை ஏற வேண்டும் என்று நினைக்கிறார். இரண்டும் ஒருவருக்குள்ளேயே இருக்க முடியும் போல.

மாதம் முடிவதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

ஆகஸ்டு 19

இடம் கிடைக்கவில்லை. அம்மா சாப்பிடுவதே இல்லை. என்னால்தானே? நான் அந்தத் தாளை மடித்துப் போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

ஆகஸ்டு 30, சனி

ஷுக்கூர் பாய் கடைக்குப் பின்னால், பேல் அடுக்குகிற அறையைக் கொடுத்தார். எலி இருக்கிறது. வாடகைக்குப் பதில் கடைக்கு வேண்டிய கவர் ஒட்டித் தர வேண்டும். வஹிதாவும் நானும் கோரைப் பாயைத் தூக்கிக்கொண்டு வந்தோம். அத்தை யாருக்கும் தெரியாமல் ஒரு படி கேழ்வரகு மாவு கொடுத்தனுப்பினாள்.

செப்டம்பர் 18, வியாழன்

உத்தரவு வந்துவிட்டது. சாவடிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். எல்லோரும் என்னைப் படிக்கச் சொன்னார்கள். மெல்லப் படித்தேன். மாட்டுச் சந்தை மட்டும் பெரிய ரோட்டுக்குப் போகிறது. காய்கறி, தானியம், சில்லறைச் சந்தை இருக்கிற இடத்திலேயே இருக்கும். 'பொதுமக்கள் நேரில் தெரிவித்த கருத்துகளைப் பரிசீலித்து' என்று ஒரு வரி இருந்தது. தீர்த்தம்மாள் அந்த ஒரு வரியை மட்டும் மூன்று தடவை படிக்கச் சொன்னாள்.

"பொதுமக்கள்னா யாரு?" என்று உப்புக்காரி கேட்டாள்.

"நாந்தான், வேற யாரு?" என்றாள் தீர்த்தம்மாள்.

மாமா அந்தப் பக்கமாகப் போனார். நின்று படித்துவிட்டுப் போனார். மாட்டுச் சந்தை வருவதால் அவர் நிலத்துக்கும் கொஞ்சம் விலை கூடும் என்கிறார்கள். எனக்கு அது நல்லதாகத்தான் படுகிறது. பள்ளியைப் பற்றி இனி அவர் முடிவு செய்ய முடியாது. நான் போகிறேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்கி வழி கேட்டுக் கேட்டு மூன்று பெண்கள் இந்த அறைக்கே வந்துவிட்டார்கள். காரிமங்கலத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ ஊர். ஏரிக்கரையில் கூடை முடைகிறவர்கள். ரோடு அகலம் செய்ய அவர்கள் குடிசைகளை எடுக்கப் போகிறார்களாம். பத்து நாளில் அதிகாரி வருகிறாராம். ஒருத்தி கைக்குழந்தையோடு. தண்ணீர் கொடுத்தோம். வாசலிலேயே உட்கார்ந்தார்கள், உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை.

"இங்க சந்தைக்காரங்களுக்கு ஆளுக்கு மூணு நிமிசம் குடுத்தாங்களாமே" என்று மூத்தவள் கேட்டாள். "சட்டம் தெரிஞ்ச புள்ள ஒண்ணு இருக்குன்னாங்க."

அம்மா பசை கிண்டிக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

"நீதானா அது?" என்றாள் அவள். "எங்களுக்கும் அந்தச் சட்டம் உண்டாம்மா?"

அந்த அதிகாரி நல்லவர். வருகிறவரும் நல்லவராக இருப்பார் என்று என்ன நிச்சயம்? சிரித்துவிட்டு எழுந்து போய்விட்டால்? கைக்குழந்தைக்காரி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உண்டுங்க" என்றேன். "வரிசையா நில்லுங்க. அவங்க சிரிச்சாலும் நகராதீங்க."